மாலை எடை

மாரிக்கண்ணு என்ற பெண்ணின் மணிக்கட்டை நான் அடித்து உடைத்தேன். வேண்டுமென்றே வேலையைக் குறைக்கிறார் என்று நினைத்து அடித்தேன். பிறகு போலீசாரிடம், நான் அவரைத் தொடவே இல்லை, வழுக்கி விழுந்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் மனைவி சாரதாவிடம்கூட இதைப் பல ஆண்டுகள் சொன்னதில்லை. நோய் என்னைப் படுக்கையில் போட்டிருக்காவிட்டால் இன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் உதவி மேலாளராக இருந்தேன். தாவரவியல் படித்தவன். தொழிலாளர்கள் என்னைச் சின்னத்தொரை என்பார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் தேயிலை விலை விழுந்தது. சிறு விவசாயிகள் பச்சை இலையை மூட்டை மூட்டையாக ரோட்டில் கொட்டித் தீ வைத்தார்கள். பச்சை இலை எரியாது. அது எரியாததால் கோபம் இன்னும் ஏறி, ஃபேக்டரிக் கண்ணாடிகளைக் கல்லால் உடைத்தார்கள். எங்கள் எஸ்டேட்டில் சம்பளம் இழுத்துக்கொண்டே போனது. கொழுந்தைக் குறைத்து எடுக்கும்படி யூனியன்காரர்கள் பெண்களிடம் சொல்லியிருப்பதாக எங்களுக்குக் காதில் விழுந்தது. நான் இடுப்பில் ஒரு சிறு தடி செருகாமல் மலைக்குள் போவதில்லை.

கொழுந்தை ஒரு நாளில் மூன்று முறை எடை போடுவோம். காலை, மதியம், மாலை. எடையைப் பார்த்தே ஆளைப் படித்துவிடலாம் என்பது எங்கள் தொழிலில் எல்லோருடைய எண்ணமும். நாள் முழுக்கக் குறைவாக எடுப்பவர் நோயாளி, அல்லது வேலைக்குப் புதியவர். காலையில் கூடை நிறைய எடுத்து மாலையில் வெறுங்கூடையோடு வருபவர் ஏமாற்றுக்காரர். அவரால் முடியும் என்பதற்குக் காலை எடையே சாட்சி. மாரிக்கண்ணுவின் எடை ஒவ்வொரு நாளும் அப்படித்தான் இருந்தது.

அன்று மாலை எடையில் அவருடைய கூடையைத் தராசில் வைத்தபோது முள் அசையவே இல்லை என்று சொல்லலாம்.

“என்ன இது?” என்றேன்.

“வெரலு எந்திரிக்க மாட்டேங்குது தொரை.”

“காலையில எந்திரிச்சுதா?”

“காலையில எந்திரிச்சிச்சு.”

வரிசையில் நின்ற பெண்களில் ஒருவர், “அவ வெரலு மத்தியானம் சாப்பிட்டுட்டுத் தூங்கப் போயிருது தொரை” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது மாரிக்கண்ணுவைப் பார்த்து. என்னைப் பார்த்துச் சிரிப்பதாக எனக்குத் தோன்றியது. செடியை ஒரே உயரத்தில் கிள்ளுவதற்காகப் புதர்மேல் கிடத்தி வைக்கும் மட்டக்கம்பு மாரிக்கண்ணுவின் கையில் இருந்தது. அதைப் பிடுங்கி அவருடைய கையிலேயே அடித்தேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை என்பது என் ஆத்திரத்தைக் கூட்டியது. மறுபடியும் அடித்தேன். காய்ந்த மிளாறு ஒடிவது போன்ற சத்தம் கேட்டது. அதன் பிறகும் ஒரு முறை அடித்தேன். அந்தக் கடைசி அடிக்கு என்னிடம் எந்தக் காரணமும் இல்லை.

மறுநாள் காலை அவருடைய கணவர் ராசு, கவ்வாத்து வெட்டும் கத்தியோடு வந்து என் தோளிலிருந்து மார்பு வரை இழுத்துவிட்டார். நான் பிழைத்தேன். என் வாக்குமூலத்தால் அவர் காரணமே இல்லாமல் கொலை செய்ய வந்தவர் ஆனார், சிறைக்குப் போனார். மாரிக்கண்ணுவையும் கைக்குழந்தையையும் எஸ்டேட்டின் வரிசைக் குடியிருப்பான லயன் வீட்டிலிருந்து வெளியேற்றினோம். எனக்குப் பதவி உயர்வு வந்தது.

இனி என் நோயைச் சொல்கிறேன். இந்த நோய் உள்ளவர்கள் எத்தனையோ பேர் இதைத் தளர்ச்சி என்றும் வயது என்றும் விட்டுவிடுகிறார்கள்.

ஓய்வுபெற்றுக் குன்னூரில் இருந்தோம். எழுபதைத் தாண்டியிருந்தேன். ஒரு நாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது சாரதா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க, ஒரு கண்ணு மட்டும் தூங்குதுங்களே.”

“வயசாச்சு. ரெண்டும் ஒண்ணாத் தூங்கணும்னு சட்டமா?”

“சிரிக்காதீங்க. சிரிச்சா உறுமற மாதிரி இருக்குது.”

சில வாரங்களில் பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. சாயங்காலமானால் பேச்சு மூக்கால் வந்தது. குடித்த தண்ணீர் மூக்கு வழியே திரும்பியது. கண் மருத்துவர் கண்ணாடியை மாற்றினார். இன்னொருவர் பக்கவாதத்தின் தொடக்கம் என்று தலையைப் படம் எடுத்தார். படத்தில் ஒன்றும் இல்லை. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் கவிதா, “வாங்கப்பா, இங்க காட்டிரலாம்” என்று வண்டியோடு வந்து அழைத்துப்போனாள்.

அங்கே நரம்பியல் மருத்துவர் ஒரு பெண்மணி. என் மகள் வயதுதான் இருக்கும். கூரையையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் என் இமைகள் ஷட்டர் மாதிரி இறங்கிவிட்டன. ஒரு கையுறைக்குள் பனிக்கட்டியைப் போட்டு இமைமேல் வைத்தார். எடுத்தபோது இமை திறந்திருந்தது. “குளிர்ல வேலை செய்யுது. நீங்க ஊட்டிப் பக்கம் இருக்கறதால இத்தன நாள் தள்ளியிருக்கீங்க” என்று சிரித்தார்.

அடுத்த சோதனை கொடுமையானது. தோளிலும் முகத்திலும் கம்பி ஒட்டி ஒரே நரம்பில் திரும்பத் திரும்ப மின்சாரம் பாய்ச்சுவார்கள். ஒவ்வொரு அதிர்ச்சிக்கும் தசை எவ்வளவு துள்ளுகிறது என்று திரையில் கோடு எழும். கன்னத்தில் யாரோ விடாமல் அறைவது போல இருந்தது. ஒரு திறந்த கண்ணால் திரையைப் பார்த்தேன். முதல் கோடு உயரம். அடுத்தது அதைவிடக் குட்டை. அதற்கடுத்தது இன்னும் குட்டை. வாழ்நாளெல்லாம் நான் பார்த்துப் பழகிய வரிசை அது. காலை எடை, மதிய எடை, மாலை எடை.

“டாக்டர், காலையில நல்லா இருந்து, வேலை செய்யச் செய்யக் கை விழுந்துபோறது உண்டா?”

“அதுதான் சார் இந்த நோயே.”

கம்பிகளை எடுத்தார்கள். அந்த அம்மையார் வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

நோயின் பெயர் மயஸ்தீனியா கிராவிஸ். பெயரும் மாத்திரையும் கிடைத்துவிட்டால் முடிந்தது என்று நினைத்திருந்தோம். சளி பிடித்த ஒரு வாரத்தில், மத்தியான நேரத்தில், எனக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. விலாத்தசைகளும் ஓய்ந்துபோயின. பர்லியாறு வளைவுகளில் வண்டி கோயம்புத்தூருக்கு இறங்கும்போது, தண்ணீருக்குள் தலையைப் பிடித்து அமுக்குவது போல இருந்தது. கத்தவும் பலம் இல்லை. சாரதா என் தாடையைத் தன் உள்ளங்கையால் தாங்கிக்கொண்டே வந்தாள். மேட்டுப்பாளையம் வந்தபோது கை மரத்துவிட்டது என்றாள். ஆனாலும் எடுக்கவில்லை.

தொண்டைக்குள் குழாயை இறக்கினார்கள். இயந்திரம் என் விருப்பத்தைக் கேட்காமல் மார்பைப் பிதுக்கி ஊதியது. சளியை உறிஞ்சும்போது நெஞ்சுக்குள் கம்பியை விட்டுக் கிழிப்பது போலிருக்கும். மயக்கம் தெளிந்த ஒரு வேளையில் என்மேல் குனிந்த ஆண் நர்சை அடித்தேன். எழவே முடியாத கைக்கு அடிக்க மட்டும் எங்கிருந்தோ வலு வந்தது. அவருடைய உதடு கிழிந்தது. என் இரண்டு கைகளையும் துணிப்பட்டையால் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். அந்த நர்ஸ், உதட்டில் பஞ்சை வைத்துக்கொண்டே, “கோவிச்சுக்காதீங்க தாத்தா, குழாயப் புடுங்கிட்டா நீங்க போயிருவீங்க” என்றார். அவரே என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

கழுத்து ரத்தநாளத்தில் தடித்த ஊசி குத்தி, ரத்தத்தை வெளியே எடுத்து, அதன் தெளிநீரைப் பிரித்துக் கொட்டிவிட்டு, வேறு நீர் சேர்த்து உள்ளே விட்டார்கள். பல முறை செய்தார்கள். சாரதாவின் கையில் வளையல்கள் இல்லாமல் போனதை அப்போது பார்த்தேன். கேட்க வாயில் குழாய் இருந்தது. எடுத்த பிறகும் கேட்கவில்லை.

குழாய் போன பிறகு மருத்துவர் என் கட்டிலோரம் உட்கார்ந்து விளக்கினார். நரம்பு தசையைத் தொடுவதில்லையாம். நடுவில் ஒரு சிறு இடைவெளி. நரம்பின் நுனி ஒரு வேதிப்பொருளைச் சிந்தும். தசைச் செல்லின் மேல்தோலில் அதை வாங்கிக்கொள்ளும் வாசல்கள் இருக்கின்றன. ஏற்பி என்பது அதுதான். வேதிப்பொருள் ஒட்டியதும் வாசல் ஒரு நொடியின் சிறு துணுக்கு நேரம் திறக்கும், உப்புத் துகள்கள் உள்ளே பாயும், தசை சுருங்கும். உடனே மூடிக்கொள்ள வேண்டும். என் உடம்பில், கிருமியோடு சண்டை போட வேண்டிய படையே இந்த வாசல்களைப் பகை என்று நினைத்து அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தது. மிச்சம் இருக்கும் கொஞ்ச வாசல்களால் முதல் தடவை வேலை நடக்கும். அடுத்தடுத்து முடியாது.

“இந்த வாசல் மனுசனுக்குன்னு செஞ்சது இல்ல சார். ரொம்பப் பழசு. அஞ்சு துண்டு வட்டமா நின்னு நடுவுல ஒரு ஓட்டை. ஆதியில ஒரு ஜீன் இருந்திருக்கும். அது நகல் ஆகி, நகல்ல எழுத்து மாறி, மாறினது மறுபடி நகல் ஆகி, அக்கா தங்கச்சி மாதிரி ஒரு குடும்பமே ஆயிருச்சு. பாக்டீரியாவுல கூட இதோட தூரத்து உறவு இருக்கு. பூச்சிக்கும் உண்டு. கடைசியா தேயிலைக் கொசுவுக்கு என்ன மருந்து அடிச்சீங்க?”

சொன்னேன். “அது போய் ஒட்டுறதும் பூச்சியோட இந்த வாசல்லதான்” என்றார். எத்தனையோ ஏக்கருக்கு அதை அடித்திருக்கிறேன். பூச்சிகள் கால் நடுங்கி உதிர்வதைப் பார்த்துத் திருப்தியோடு நடந்திருக்கிறேன்.

“கட்டுவிரியன் கடிச்சா கண்ணு சொருகுறதும் இதனாலதான். விஷம் வாசல அடைச்சிரும். கீரி மூலிகை தின்னுட்டு வந்து பாம்போட சண்டை போடும்னு சொல்வாங்கல்ல? மூலிகையெல்லாம் இல்ல. அதோட வாசல்ல சில எழுத்து மாறியிருக்கு. நாகப்பாம்பு விஷம் சரியா ஒட்டாது.”

“அப்ப எழுத்து மாறுறது நல்லதுங்களா?”

“மாறும்போது அதுக்கு நல்லது கெட்டது தெரியாது. கீரியக் காப்பாத்தும். இன்னொரு ஆளுக்கு வேற எடத்துல மாறினா, பொறந்ததுலேர்ந்தே கை விழும். உங்க நோய் வேற, அது வேற. பாக்க ஒண்ணு மாதிரி இருக்கும்.”

தெரிந்த பெண் ஒருவருக்கு விரல்கள் விழும் என்றேன். “கூட்டிட்டு வாங்க. ரத்தம் பாக்காம ஒண்ணும் சொல்ல முடியாது. உங்க மாத்திரை எல்லாருக்கும் ஆகாது” என்றார். இதை நான் காதால் கேட்டேன் என்பதை இங்கே எழுதியாக வேண்டும்.

உடம்பு தேறியதும் விசாரித்துக்கொண்டு போனேன். மாரிக்கண்ணு கட்டபெட்டுக்குக் கீழே ஒரு பழைய லயத்தில் வாடகைக்கு இருந்தார். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் அங்கே அதிகம். ராசு சிறையிலிருந்து வந்து சில ஆண்டுகளில் இறந்துவிட்டார். அந்தக் கைக்குழந்தை சேகர் வளர்ந்து பிக்அப் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். மாரிக்கண்ணுவின் வலது மணிக்கட்டு கோணலாகச் சேர்ந்திருந்தது. இரண்டு கைகளிலும் விரல்கள் கீழ்நோக்கித் தொங்கின. கழுத்து நிற்காமல் தலையைச் சுவரில் சாய்த்திருந்தார்.

“தொரையா? கெழவனாயிட்டீங்க” என்றார். அதட்டவில்லை, அழவில்லை.

மன்னிப்புக் கேட்கப் போனவன், என் நோயைப் பற்றிப் பேசினேன். அவருக்கும் அதேதான் என்று சொன்னேன். கோயம்புத்தூருக்கு வரச் சொன்னேன். “அங்கெல்லாம் யாரு அலையிறது தொரை” என்றார். என் பையிலிருந்த மாத்திரைப் பட்டைகளை எடுத்துக் கொடுத்தேன். முதலில் ஒன்று, போதாவிட்டால் இன்னொன்று என்றேன். மன்னிப்பை விட மாத்திரை கொடுப்பது எளிதாக இருந்தது. முன்பு எடையைப் பார்த்து அவரைப் படித்தேன். இப்போது தொங்கும் விரலைப் பார்த்து மறுபடியும் படித்துவிட்டேன்.

ஒரு வாரத்தில் அவரைக் கோயம்புத்தூருக்கு மூச்சில்லாமல் கொண்டுவந்தார்கள். மாத்திரைப் பட்டையைப் பார்த்த கோத்தகிரி மருத்துவர்தான் அங்கே அனுப்பியிருந்தார். நான் படுத்திருந்த அதே தீவிர சிகிச்சைப் பிரிவு, அதே குழாய், அதே துணிப்பட்டை. செய்தி தெரிந்து நான் சாரதாவோடும் கவிதாவோடும் போய்ச் சேர்ந்தபோது சேகர் கதவருகே நின்றிருந்தார்.

“நீதான மாத்திரை குடுத்தது?”

“ஆமாம்.”

“எங்கம்மா கைய ஒடச்ச தொரையும் நீதான?”

“ஆமாம்.”

அவர் என் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினார். முகத்தில் குத்தினார். கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து நாக்கில் கிடந்தது. விழுந்த பிறகு விலாவில் மிதித்தார். காவலாளிகள் இழுத்தபோதும் கால் என்மேல் பட்டது. கவிதா போலீசைக் கூப்பிட போனை எடுத்தாள். வேண்டாம் என்றேன். சாரதா என்னைத் தூக்கி நிறுத்திவிட்டு, “அந்தப் பையன் சொன்னது என்னதுங்க?” என்று கேட்டாள்.

அந்த நடைவழியிலேயே, வாயில் ரத்தத்தோடு, எல்லாவற்றையும் சொன்னேன். மாலை எடை, மட்டக்கம்பு, கடைசி அடி, கையெழுத்து. மருத்துவரும் வந்து நின்று கேட்டார்.

“அந்தக் கையில சம்பாதிச்சதையா இத்தன வருசம் எனக்குப் போட்டீங்க?” என்றாள் சாரதா. அதன் பிறகு பல நாள் என்னிடம் பேசவில்லை. ஆனால் கவிதா வீட்டில் தங்கி, தினமும் இரண்டு பேருக்குச் சோறு கட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். ஒன்று தனக்கு, இன்னொன்று சேகருக்கு. முதல் நாள் அவர் அதைத் தட்டிவிட்டார். சாரதா தரையைத் துடைத்துவிட்டு மறுநாளும் கொண்டுபோனாள். செலவை நாங்கள் ஏற்றோம். அதற்கும் அவர் சம்மதிக்கச் சில நாள் ஆயிற்று.

மாத்திரையை நிறுத்தியதும் மாரிக்கண்ணு மெதுவாகக் குழாயிலிருந்து மீண்டார். அவர் ரத்தத்தையும், ஏற்கெனவே ஸ்டியரிங்கிலிருந்து விரல் நழுவத் தொடங்கியிருந்த சேகரின் ரத்தத்தையும் மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். சில வாரங்கள் காத்திருந்தோம். வாசலின் ஐந்து துண்டுகளைச் செய்யும் ஜீன்களில் ஒன்றில், ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. மகனுக்கும் அதே எழுத்து. மருத்துவர் என்னைத் தனியாக அழைத்தார். குரலில் முன்பிருந்த சிரிப்பு இல்லை.

“உங்களுக்கு வாசல் போதல. அவங்களுக்கு வாசல் எல்லாம் இருக்கு, திறந்தா மூட மாட்டேங்குது. உப்பு உள்ள போய்க்கிட்டே இருந்து தசையக் கொஞ்சம் கொஞ்சமா அழிக்குது. நீங்க போய், இன்னும் திறக்கிற மாத்திரையக் குடுத்திருக்கீங்க.”

மனச்சோர்வுக்குக் கொடுக்கும் பழைய மாத்திரை ஒன்று உண்டு. திறந்த வாசலின் ஓட்டைக்குள் போய் அடைத்து, திறந்திருக்கும் நேரத்தைக் குறைக்கும். தாய்க்கும் மகனுக்கும் அதைத் தொடங்கினார்கள். போன தசை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், மகனுக்கு இது நேரத்தோடு தெரிந்தது நல்லது என்றார் மருத்துவர். நான் தப்பாகக் கொடுத்ததால்தான் தெரிந்தது என்று ஒரு கணம் எனக்குள் ஆறுதல் எழுந்தது. அப்படி நினைத்ததற்காக வெட்கப்படுகிறேன்.

சில மாதங்கள் கழித்து மாரிக்கண்ணு சாரதாவிடம் சொல்லி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை லயத்துக்கு வரச் சொன்னார். போனேன். வாசலில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவரோடு அன்று எடை வரிசையில் நின்றவர்களும் சிலர் இருந்தார்கள். சேகர் கதவில் சாய்ந்து நின்றார். எனக்கு நாற்காலி போடவில்லை.

“தொரை, எனக்கு என்ன வியாதின்னு இவளுகளுக்குச் சொல்லுங்க” என்றார் மாரிக்கண்ணு.

வாசலையும் எழுத்தையும் எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். காலையில் இருக்கும் பலம் மாலையில் ஏன் இருக்காது என்று சொன்னேன். எந்தத் தவறும் செய்யாதவரை அடித்தேன் என்றும் பொய் எழுதிக்கொடுத்தேன் என்றும் சொன்னேன். என் குரல் மூக்கால் வரத் தொடங்கியிருந்தது.

ஒரு கிழவி கேட்டார். “அப்ப அவ வேல செய்யாம ஏய்க்கலையா?”

“இல்லை. ஒரு நாளும் இல்லை.”

“யூனியன்காரன் சொல்லித்தான் இவ அப்பிடிச் செஞ்சான்னு இவ புருசனே சொல்லிட்டுத் திரிஞ்சானே.”

மாரிக்கண்ணு சுவரிலிருந்து தலையை எடுத்தார். அது அவருக்கு எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும்.

“சாகுற வரைக்கும் சொன்னாரு. சோம்பேறிச் சிறுக்கி, உன்னாலதான் நான் உள்ள போனேன்னு. அடிச்சாரு. கேட்டுக் கேட்டு நானும் அப்பிடித்தான் போலன்னு இருந்துட்டேன் தொரை. வெரலத் தூக்கணும்னு எனக்கே மனசு இல்லையோன்னு.”

நான் அவர் காலருகே குனியப் போனேன். சேகர் முன்னால் வந்தார்.

“அதெல்லாம் வேண்டாம்” என்றார் மாரிக்கண்ணு. “கேக்க வேண்டியவளுக கேட்டுட்டாளுக. நீங்க போங்க. இனிமே வராதீங்க.”

திரும்பினேன். மேட்டுப் பாதையில் கால்கள் ஓய்ந்துபோய் நடுவில் உட்கார வேண்டியிருந்தது. கீழே பெண்கள் பேசும் சத்தம் கேட்டது. ஒருவர் அழுதுகொண்டே பேசினார். என்ன பேசினார்கள் என்று கேட்க நான் நிற்கவில்லை. எழ முடிந்ததும் எழுந்து போய்விட்டேன்.

பொய் எழுதிக்கொடுத்ததை உள்ளபடி எழுதி, அந்தக் காவல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். செத்தவர் வழக்கு, எடுத்துப் பார்க்க எதுவும் இல்லை என்று வாங்கிவைத்துக்கொண்டார்கள். சாரதா இப்போது பேசுகிறாள், தேவைக்கு. அவள் மட்டும் கட்டபெட்டுக்குப் போய்வருகிறாள். அங்கே என்ன நடந்தது என்று நானும் கேட்பதில்லை. தாயும் மகனும் மருத்துவரைப் பார்க்கச் செவ்வாய்க்கிழமைகளில் வருகிறார்கள். என் முறையும் செவ்வாய்தான். வெள்ளிக்கு மாற்றிக்கொண்டேன்.